மூச்சில்லாதவன் எடுத்த வலை

மதெய்ரா ஆற்றங்கரையில் ஜெனிவால்டோ என்கிற மீன்காரனுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மூச்சு நின்றுபோனது. ஆள் சாகவில்லை. பொரித்த மீனும் மரவள்ளி மாவும் சாப்பிட்டான், படகுக்குத் தார் பூசினான். உடம்பு ஈரமாக இருந்தால் போதும், தோலே காற்றை இழுத்துக்கொண்டது. பேச்சு மட்டும் வரவில்லை. அவன் மனைவி லுசினேச்சி அவ்வப்போது ஒரு வாளித் தண்ணீரை அவன்மேல் ஊற்றிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

அதற்கு முந்தின வாரம்தான் துறைக்கே பொதுவான பெரிய வலை காணாமல் போயிருந்தது. லுசினேச்சியின் அண்ணன் ஸோசிமோ அதைத் திருடிவிட்டதாகச் சொன்னவன் இந்த ஜெனிவால்டோதான். நடந்தது வேறு. வலையை இழுக்கும்போது ஒரு குருட்டுப்பாம்பு ஜெனிவால்டோ கையில் சுற்றிக்கொண்டது. பேர்தான் பாம்பு. தவளைக்கு ஒன்றுவிட்ட சொந்தம், சேற்றில் வளை தோண்டிக் கிடக்கும், கண் தெரியாது, நுரையீரலும் கிடையாது, யாரையும் ஒன்றும் செய்யாது. முதலைக்கே பயப்படாதவன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன் அலறியடித்துக் குதித்து வலையைக் கைவிட்டான், ஆறு கொண்டுபோனது. இதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, வாயில் வந்த பெயரைச் சொல்லிவைத்தான். துறைக்காரர்கள் நாங்களும் நம்பித் தொலைத்தோம். ஸோசிமோ பிடித்த மீனை யாரும் தொடவில்லை. அவன் பிள்ளைகளை மாவு வறுக்கும் கொட்டகைக்குள் விடவில்லை.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஜெனிவால்டோ தவித்தபோது, சொல்ல மூச்சில்லை. எழுதவும் தெரியாது. ஆற்றில் இறங்கி அடிச்சேற்றோடு நடந்து, மரவேரில் சிக்கிக் கிடந்த வலையைக் கண்டுபிடித்தான். கண்டுபிடித்ததை எடுத்துக்கொண்டு நேராக எங்களிடம் வந்தானா? மடையன், ஸோசிமோ வாசலில் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

"பாத்தீங்களா, இத்தனை நாளும் வீட்டுக்குள்ளதான் வச்சிருந்திருக்கான்," என்றான் படகோட்டி துர்வால்.

ஸோசிமோ ஊரைவிட்டுப் போக மூட்டை கட்டத் தொடங்கினான்.

அப்போது ஜெனிவால்டோ ஓடிப்போய்ச் சேற்றில் கைவிட்டு ஒரு குருட்டுப்பாம்பைப் பிடித்துவந்தான். துறையே பார்க்க அதைக் கையில் சுற்றிக்கொண்டு, அன்று குதித்தபடியே குதித்து, வலையை ஆற்றில் உதறிக் காட்டினான். எங்களுக்குப் புரியும்வரை திரும்பத் திரும்பக் குதித்தான்.

"முதலைக்கே பயப்படாத புலி புழுவைப் பாத்துப் பயந்துச்சாம்டா," என்றான் துர்வால். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஸோசிமோ சிரிக்கவில்லை. "பயந்துட்டேன்னு எங்கிட்ட மட்டும் சொல்லியிருந்தா, வலையை விட்டது நான்தான்னு நானே சொல்லியிருப்பேனே மாப்ள," என்றான்.

அதோடு எங்கள் சிரிப்பும் அடங்கியது. மூட்டையை அவிழ்க்க நாங்களும் கூடப் போனோம், ஒருவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜெனிவால்டோவுக்கு மூச்சு திரும்பவேயில்லை. நங்கூரமோ கத்தியோ தண்ணீரில் விழுந்தால் எடுத்துத் தருகிறான். மற்ற நேரமெல்லாம் ஆற்றடியில், கண்ணை மூடிக்கொண்டு, சேற்றுக்குள் கிடக்கிறான்.