பின்கட்டு அறைக்கும் நெட் வந்தது

படித்தவள் என்று பேர் வாங்கிவிட்டால் போதும், வீட்டில் ஒயர் தொங்குகிற எல்லாமே நம் தலையில்தான். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் கீழே எங்கள் துணிக்கடை, மேலே வீடு. மோடம் கடையில் இருக்கிறது. மாடியின் பின்கட்டு அறைக்கு அதன் வைஃபை எட்டாது, போன் டவரும் கிடைக்காது. என் வீட்டுக்காரர் சுஐப் ஒரு ரூட்டரை வாங்கிவந்து, "நீதான் படிச்சவளாச்சே, மாட்டிடு" என்றார்.

சமையலை முடித்துவிட்டு, மோடத்திலிருந்து படிக்கட்டு வழியாக ஒயரை இழுத்து அந்த அறையில் ரூட்டரில் செருகினேன். விளக்கு எரிந்தது, நெட் வரவில்லை. மூன்று தடவை கீழே இறங்கி மோடத்தை அணைத்துப் போட்டேன். "பில் போடற நேரத்துல இன்னா பண்ணிக்கினு இருக்க?" என்று அவர் எரிந்து விழுந்தார். எனக்கு முழங்கால் விட்டுப்போனது. கடைசியில்தான் தெரிந்தது, மோடம், ரூட்டர் இரண்டுக்கும் ஒரே ஐ.பி. முகவரி எண்; அதனால்தான் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. ரூட்டரின் எண்ணை மாற்றியதும் நெட் வந்துவிட்டது.

அப்பாடா என்று அங்கேயே கட்டிலில் சாய்ந்தேன். தினமும் மதியம் அரை மணி நேரம் நான் படுப்பது அங்கேதான். கண்ணை மூடினேன், வாட்ஸ்அப்பில் போன் அடித்தது.

"பாத்தியா, இனிமே நீ அங்க இருந்தாலும் கூப்பிடலாம்!" சுஐப்பின் குரலில் அவ்வளவு சந்தோஷம். "கடைக்கு ஆள் வந்திருக்காங்க, நாலு டீ போட்டு எடுத்துக்கினு வா."

எழுந்தேன். இத்தனை வருஷமாக என்னை யாரும் கூப்பிட முடியாமல் இருந்த ஒரே இடத்துக்கு, நானே ஒயர் இழுத்துக் கொடுத்திருந்தேன்.