பழைய மதிப்பெண் அழிந்துவிடும்

ஜனெல் கிராயிசெக்கின் மதிப்பெண் சராசரியை ரெனாட்டா மூன்றாவது முறையாகக் கணக்கிட்டாள். மூன்று முறையும் நான்குக்கு 3.37தான் வந்தது. எங்காவது விரல் தவறிப் பட்டிருக்கும் என்ற நப்பாசையில் நான்காவது முறையும் தொடங்கி, பாதியிலேயே விட்டுவிட்டாள்.

கல்லூரி அச்சிட்டுக் கொடுத்த மதிப்பெண் பட்டியலில் இருந்தது 3.62. இரண்டும் ஒரே பெண்ணின் எண்கள். இரண்டும் சரி.

மருத்துவம் படிக்க விரும்பும் இளங்கலை மாணவர்களின் வாய்ப்பை எடைபோட்டுச் சொல்வதுதான் ரெனாட்டாவின் வேலை. நெப்ராஸ்காவின் அந்தச் சிறிய கல்லூரியில், அறிவியல் கட்டடத்தின் அடித்தளத்தில் அவளுக்கு ஓர் அறை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஓர் அட்டவணை. பக்கவாட்டில் சராசரி, மேலே நுழைவுத் தேர்வின் மதிப்பெண். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில், அப்படிப்பட்டவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்ற எண். ஜனெல் இதுவரை தன்னுடையது என்று நம்பிய கட்டத்தில் நாற்பத்து நான்கு. இப்போது ரெனாட்டாவின் விரல் நின்ற கட்டத்தில் இருபத்தேழு.

எட்டிப் பார்த்தார் டுவேன். பக்கத்து அறையில் பதிவேடுகளைப் பார்ப்பவர். "என்ன ரெனாட்டா, இன்னிக்கு எத்தன டாக்டர் செஞ்சு அனுப்பப் போற?" என்றார். எனக்கு முதுகுவலிக்கு ஒருத்தரை மட்டும் எடுத்து வை என்று அவரே சிரித்துக்கொண்டு போனார். அவள் தாளைக் கவிழ்த்து வைத்ததை அவர் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். திருடியவள் மாதிரி ஏன் கவிழ்த்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் தெரிந்த கேள்விதான்.

இரண்டரை வருடங்களுக்கு முன்னால், அவள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு வாரம்கூட ஆகாதபோது, ஜனெல் அழுத முகத்தோடு வந்தாள். சுரம் வந்து இரண்டு மாதம் படுத்திருந்துவிட்டு எழுதிய தேர்வில் கரிம வேதியியலில் டி, தேறியும் தேறாத தரம். இன்னும் இரண்டு பாடங்களிலும் அதே கதி. "திரும்ப எடு. பழைய மதிப்பெண் அழிஞ்சிடும்," என்று ரெனாட்டா சொன்னாள். கல்லூரிக்குள் அது உண்மைதான். திரும்ப எழுதினால் புதியதை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள். ஆனால் மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் எதுவும் அழிவதில்லை. டியும் எண்ணப்படும், பிறகு வாங்கிய ஏயும் எண்ணப்படும்.

இது ரெனாட்டாவுக்கு அடுத்த வருடமே தெரிந்துவிட்டது. ஒரு கருத்தரங்கில் யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள். ஊர் திரும்பியதும் முதல் வேலையாக மாணவர்களுக்குக் கொடுக்கும் குறிப்புத் தாளைத் திருத்தினாள். ஆனால் ஏற்கெனவே சொல்லிவைத்தவர்களைக் கூப்பிட்டுத் திருத்தவில்லை. அடுத்த வாரம் கூப்பிடலாம் என்று தள்ளினாள். பரீட்சை முடியட்டும் என்று தள்ளினாள். பிறகு அந்த நினைவு வரும்போதெல்லாம் எழுந்து போய்க் காபி ஊற்றிக்கொள்ளப் பழகிவிட்டாள். பயம் அப்படித்தான் அவளுக்குள் குடியிருந்தது, சத்தமில்லாத வாடகைக்காரனாக.

இன்று அது எழுந்து நின்றுவிட்டது. காரணம், ஜனெலின் நேற்றைய மின்னஞ்சல். ஒமாஹாவில் ஓர் ஆய்வுக்கூடம் அவளுக்கு இரண்டு வருட வேலை தருகிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். 'இந்த வருடமே இடம் கிடைக்க ஏறக்குறையப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கும்போது அது எதற்கு? வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன்' என்று எழுதியிருந்தாள். இன்று வெள்ளி. சராசரி குறைந்த பிள்ளைகளின் விண்ணப்பத்தைத் தூக்கி நிறுத்துவதே ஆய்வுக்கூடத்தில் கழிக்கும் அந்த மாதிரி இரண்டு வருடங்கள்தான்.

பேசாமல் இருந்துவிட்டால்? விண்ணப்பம் போகும், நிராகரிப்பு வரும். யாரும் ரெனாட்டாவைக் கேட்கமாட்டார்கள். போட்டி அப்படி, என்று சொல்லிவிடலாம். இந்த நினைப்பு எவ்வளவு இலகுவாக வந்தது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

பத்து மணிக்கு ஜனெல் வந்தாள். அம்மா சுட்டது என்று பிளம் வைத்த கொலாச்சி ரொட்டிகள் ஒரு டப்பா நிறைய. "அம்மா சர்ச்சு பூரா சொல்லி வச்சிருச்சு. இப்பவே ரெண்டு பேர் முட்டிவலிக்கு மருந்து கேக்குறாங்க," என்று உட்கார்ந்தாள்.

ரெனாட்டா சிரிக்க முயன்றாள். வாய் கோணியது. டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, கவிழ்த்த தாளைத் திருப்பினாள்.

"ஜனெல், நான் உனக்குத் தப்பாச் சொல்லிட்டேன். பழைய மதிப்பெண் அழியாது. அவங்க ரெண்டையும் எண்ணுவாங்க. உன் சராசரி மூணு புள்ளி மூணு ஏழு."

ஜனெல் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். பென்சிலை எடுத்துத் தானே கணக்குப் போட்டாள். கடைசியில் எண்ணுக்கு அடியில் ஒரு கோடு இழுத்தாள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

இன்று காலை என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது.

"ஒன்றரை வருஷமா."

அந்தப் பெண்ணின் முகத்தில் வந்தது கோபமாக இருந்திருந்தால் ரெனாட்டா தாங்கியிருப்பாள். அது பயம். தன்னுடைய அதே பயம், இப்போது இருபத்தொரு வயது முகத்தில்.

"காலைல எந்திரிச்சதும் வேலை வேண்டாம்னு எழுதிட்டேன்," என்றாள் ஜனெல்.

மேசையிலிருந்த போனை ரெனாட்டா அவள் பக்கம் நகர்த்தினாள். ஜனெலின் விரல் இரண்டு முறை தப்பான எண்ணில் விழுந்தது. ஒமாஹாவில் ஒரு பெண் எடுத்தாள். பட்டியலில் அடுத்தவரிடம் அப்போதுதான் கேட்டிருப்பதாகச் சொன்னாள். அவருக்குப் புதன்கிழமை வரை நேரம். அவர் மறுத்தால் கூப்பிடுகிறோம் என்றாள்.

போனை வைத்துவிட்டு ஜனெல் அட்டவணையில் தன் கட்டத்தைத் தேடினாள். ரெனாட்டா மன்னிப்புக் கேட்டாள். அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"இதே மாதிரி வேற யாருக்குச் சொன்னீங்க?"

"இன்னும் ஆறு பேருக்கு."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

ஜனெல் எழுந்து போய்விடுவாள் என்று ரெனாட்டா எதிர்பார்த்தாள். விரும்பவும் செய்தாள். அவளோ பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்தாள்.

"கூப்பிடுங்க. நான் இருக்கேன்."

அது துணையா காவலா என்று ரெனாட்டாவுக்குப் புரியவில்லை. கேட்கவும் துணியவில்லை. பட்டியலை எடுத்து முதல் எண்ணை அழுத்தினாள். மணி அடிக்கத் தொடங்கியதும், யாரும் எடுக்காமல் இருக்கட்டும் என்று உள்ளே ஏதோ ஒன்று கெஞ்சியது.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.