முப்பத்திரண்டு போல்ட்டுகள்

பாறைச் சரிவின் பாதியில் ஜீப்பின் முன்சக்கரம் புஸ்ஸென்று காற்றை விட்டதும், ராய்ஸ் கண்ணை மூடிக்கொண்டான். உச்சிக்குப் போனதும் தெல்மாவிடம் சொல்ல ஒரே ஒரு வாக்கியத்தை நாலு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தான்: "வீட்டுக்கு வந்துடு."

பிப்ரவரியில் அவனை விட்டுத் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்ட மனைவி தெல்மா, இந்த ஓர் ஏற்றத்துக்கு மட்டும் வழிகாட்டச் சம்மதித்து மொஹாவி பாலைவனத்துக்கு வந்திருந்தாள். அவள் பாறைமேல் நின்று கை காட்டுவாள், அவன் ஓட்டுவான். ஜீப்பில் பாறை ஏறும் இந்த விளையாட்டு இருவருக்கும் பதினேழு வருடப் பழக்கம்.

"என்னடா ராய்ஸ், செருப்பைக் கழட்டிட்டுத்தான் ஏறுவியா?" என்று கீழே நாற்காலியில் சாய்ந்திருந்த நண்பன் வெர்ன், நழுவிய டயரைப் பார்த்துக் கத்தினான். யாரும் சிரிக்கவில்லை.

ஜீப்பை வின்ச்சின் இரும்புக் கயிற்றில் கட்டி மெல்ல அடிவாரத்துக்கு இறக்கினார்கள். தெல்மா சக்கரத்தருகே மண்டியிட்டாள்.

டயர் தளர்ந்திருந்தால்தான் பாறையைக் கவ்வும் என்று காற்றை எட்டுப் பவுண்டுக்குக் குறைத்திருந்தான். சாதாரணச் சக்கரத்தில் டயரின் விளிம்பை ரிம்மோடு அழுத்தி வைப்பதே காற்றுதான். குறைந்தால் டயர் கழன்றுவிடும். அதற்காகத்தான் இந்தச் சக்கரங்களில் விளிம்பின்மேல் ஓர் இரும்பு வளையத்தைப் பொருத்தி, முப்பத்திரண்டு போல்ட்டால் இறுக்குவார்கள். இப்போது அந்த வளையம் ஒரு பக்கம் கோணி நின்றது. அந்த இடுக்கு வழியாக விளிம்பு நழுவியிருந்தது.

"யார் இறுக்கினது?"

"நான்தான். வேற யாரு இருக்கா?"

"பக்கத்துப் பக்கத்துல, வரிசையா இறுக்கிட்டு வந்தியா?"

"வேற எப்படி?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபமாக இருந்தால் அவனுக்குச் சமாளிக்கத் தெரியும். இது கோபம் இல்லை.

"எதிரெதிரா இறுக்கணும் ராய்ஸ். இங்க ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. கொஞ்சம் கொஞ்சமா, நாலு சுத்து. நான் இதைச் செய்யறப்பல்லாம் நீ எதிர்லதானே உக்காந்து பீர் குடிச்ச? பதினேழு வருஷத்துல ஒரு தடவைகூட என் கை என்ன செய்யுதுன்னு பாக்கலையா?"

தான் சொன்ன கதைகளுக்கு அவள் சிரித்தது அவனுக்கு நினைவிருந்தது. கை நினைவில்லை.

அந்த வாக்கியம் தொண்டைவரை வந்தது. இப்போது சொன்னால், போல்ட்டு இறுக்க ஆள் கூப்பிடுவது போலத்தான் இருக்கும்.

வளையத்தைக் கழற்றி, விளிம்பைச் சரியாக உட்கார வைத்தார்கள். ஸ்பானரை அவன் கையில் கொடுத்துவிட்டு, எந்த போல்ட்டு என்று மட்டும் அவள் விரலால் காட்டினாள். நாலாவது சுற்று முடிந்ததும் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினாள்.

"பத்து மைல் ஓடினதும் மறுபடி இறுக்கு. கண்டிப்பா தளர்ந்திருக்கும்."

"அதுவரைக்கும் இருப்பியா?"

"வெர்ன்கிட்ட சொல்லிட்டுப் போறேன். ஞாபகப்படுத்துவான்."

அவளுடைய கார் கிளப்பிய புழுதி அடங்க வெகுநேரம் ஆயிற்று. மற்ற மூன்று சக்கரங்களும் அவனே வரிசையாக இறுக்கியவைதான். ராய்ஸ் அடுத்த சக்கரத்தின்முன் மண்டியிட்டு, முதல் போல்ட்டைத் தளர்த்தினான்.