பாலுசாமி படிக்காத பக்கம்

1

இந்தக் கதை ஒரு மனுவாகத்தான் பிறந்தது. அந்தியூர்ப் பக்கம் எங்கள் ஊர்ப் பால் சங்கத்துக்கு, மூன்று மாடு வைத்திருக்கும் மெர்சி சொல்லச் சொல்ல நான் எழுதியது. பெருமையாகவே சொல்கிறேன், ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. கோரிக்கைகள் ஐந்து. ஐந்தாவது: பத்தொன்பது வருடமாகக் கைதூக்கித் தலைவரைத் தேர்ந்தெடுத்தது போதும், இனிப் பெட்டி வைத்து ரகசிய ஓட்டு வேண்டும்.

மனுவின் முதல் வரியையே கதைக்கும் போட்டுப் பார்த்தேன்: 'மேன்மைதங்கிய தலைவர் பாலுசாமி அவர்களின் மேலான...' [நிறுத்திவிட்டேன். கும்பிட்டுக்கொண்டே தொடங்கினால் கதை நிமிராது.]

2

முதல் வரைவில் பாலுசாமி கத்தினார், மனுவைக் கிழித்தார். படித்துப் பார்த்தால் பொய்யாக இருந்தது. கத்துகிறவர் பத்தொன்பது வருடம் தாங்கமாட்டார்.

(அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: கத்திய காலமும் உண்டு. ஆறு வருடம் முன்பு மெர்சியின் கணவர் சாமுவேல் இதே ரகசிய ஓட்டைக் கேட்டபோது, பாலில் தண்ணீர் என்று சொல்லி மூன்று நாள் கேனைத் திருப்பி அனுப்பினார்கள். இன்று அப்படிச் செய்தால் செல்போனில் படம் பிடித்துவிடுவார்கள். அது பாலுசாமிக்கும் தெரியும்.)

ஒரே கட்சி பல பத்தாண்டுகள் ஆண்ட நாடுகளைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். அடித்து ஆள்வதைவிடக் காது கொடுத்து ஆள்வது அதிக நாள் நிற்கிறது. எதிராளி கேட்டதைத் தன் சாதனையாக்கு. எதிராளிக்கே ஒரு நாற்காலி போடு. எல்லாவற்றையும் மாற்று, ஆளை மட்டும் விட்டுவிட்டு. [எங்கள் சங்கக் கட்டடம் பத்துக்குப் பதினெட்டு அடி. அவ்வளவு பாடமும் அதற்குள் அடங்கிவிடுகிறது.]

3

ஞாயிறு காலை பேரவைக் கூட்டம். மனுவை முறைப்படி ஏழு நாள் முன்னதாகவே கொடுத்திருந்தோம். [முறைப்படி என்றது நான். தவறும் என்னுடையது.]

மெர்சி எழுந்து வாயைத் திறப்பதற்குள் பாலுசாமி சொன்னார்: "ஆச்சு அம்மணி. கொழுப்பு பாக்கற மிசினை எல்லாருங் காங்கற மாதிரி முன்னால வெச்சாச்சு. தீவனம், மாட்டு டாக்டரு, மழைக்குக் கூரை, எல்லாஞ் செஞ்சுபோட்டோம். வேறென்ன?"

கைதட்டினார்கள். கேட்டதில் நான்கு கிடைத்த பிறகும் நிற்கிறவள் பேராசைக்காரியாகத்தான் தெரிவாள்.

"அஞ்சாவதுங்க..."

"அதுக்குத்தான் உன்னையே கமிட்டில போடறேன் கண்ணு. இந்தா சேரு, உக்காரு."

"போய் உக்காரு மெர்சி," என்றாள் பின்னாலிருந்து பக்கத்து வீட்டுப் பழனியாத்தாள். "உங்கூட்டுச் சேருக்குக் காலு மூணுதான."

எல்லோரும் சிரித்தார்கள். மெர்சியும் சிரித்தாள். ஆனால் உட்காரவில்லை.

"பெட்டி வையுங்க."

"வெச்சா, என்னை எதுத்து நின்னு நீ தோத்துருவியே அம்மணி. உனக்காவத்தான் சொல்றேன்."

"தோக்கறேனுங்க. எத்தனை பேருன்னு எண்ணிச் சொல்லிப்போடுங்க, அப்புறம் தோக்கறேன். கை தூக்காதவங்க யாருன்னு நீங்க பாத்துட்டே நின்னா, நாங்க தோக்கறதுமில்லீங்க, ஜெயிக்கறதுமில்லீங்க."

இந்த வரியை நான் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதியிருந்தால்கூட இவ்வளவு பெருமைப்பட்டிருக்கமாட்டேன்.

சிரிப்பு நின்றது. பழனியாத்தாள் எழுந்தாள். "வெச்சுத்தான் பாக்கலாமுங்க." அப்புறம் இன்னொருவர். அப்புறம் ஒரு வரிசையே.

பாலுசாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். துண்டை எடுத்தபோது உள்ளே புதுமுகம் இருந்தது. "அட, இவ்வளவுதானா? வர்ற ஞாயித்துக்கெழமை வெச்சரலாம். பெட்டிய நானே வாங்கியாறேன்."

4

முடிவு (அ): பெட்டி வந்தது, சாவி பாலுசாமியின் மடியில்... [அடித்துவிட்டேன்.]

முடிவு (ஆ): மெர்சி நாற்பது ஓட்டில் தோற்றாலும் தலை நிமிர்ந்து... [இதையும்.]

அந்த ஞாயிறு இன்னும் வரவில்லை. பெட்டி விஷயமாக மெர்சியும் பழனியாத்தாளும் ஒரு யோசனை வைத்திருக்கிறார்கள். நேற்று என்னிடம் சொன்னார்கள். நல்ல யோசனை. வழக்கம்போல் எண் போட்டு எழுத உட்கார்ந்தேன். ஒன்று என்று போட்டதும்தான் உறைத்தது: நான் எழுதுவதை ஒரு வரி விடாமல் படிக்கிறவர் இந்த ஊரில் பாலுசாமி ஒருவர்தான். படித்ததும் தன்னைத் திருத்திக்கொள்கிறவரும் அவர்தான்.

ஆகவே இந்தக் கதைக்கு முடிவு எழுதப்போவதில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் தயவுசெய்து கடிதம் போடாதீர்கள். நேரில் வந்து மெர்சியின் காதில் சொல்லுங்கள்.