குடத்தில் விட்ட இடம்

சனிக்கிழமையாவது கொஞ்சம் தூங்கலாம் என்றிருந்தேன். விடிந்ததும் விடியாததுமாக அத்தை என் சீர்ப் பாத்திர மூட்டையைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லிவிட்டார். இரும்புலியூரில் எங்கள் தெருக்குழாயடியில் குடங்கள் மாறிப்போய் தினமும் சண்டை. பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற பொன்னுசாமி இன்று வருவதாகச் சொல்லியிருந்தார்.

கல்யாணமாகி மூன்று மாதம். அதற்குள் "இனிஷியலை மாத்தியாச்சா?" என்று கேட்காதவர் யாரும் பாக்கியில்லை. சர்ச்சில் போதகர் ஐயர் வீட்டம்மா கேட்டார். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை, "திங்கக்கிழமை வரும்போது முடிவா சொல்லிடு யூனிஸ். அப்பாவோட தேயா, வீட்டுக்காரரோட வியா? நான் எத்தனை தடவைதான் கேக்கிறது?" என்று சலித்துக்கொண்டார். ஊரப்பாக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, உலை வைத்து, குழாயடிக்கு ஓடுகிறவளுக்கு இது ஒரு விஷயமா என்றுதான் எனக்கும் தோன்றும். ஆனாலும் படுத்தால் அதுதான் நினைவு. அப்பா தேவானந்தம் படப்பையில் கம்பவுண்டர். அம்மா போன பிறகு எனக்குக் கோணல் வகிடெடுத்துத் தலை பின்னிவிட்டு, கடன்காரன் போல் ஊரெல்லாம் அலைந்து என்னை டீச்சராக்கியவர். அவருக்கு நான் ஒரே பிள்ளை. அந்த ஓர் எழுத்தையும் கழற்றிவிட்டால் என்னிடம் அவருடையது என்று என்ன இருக்கும்?

என் வீட்டுக்காரர் வில்பிரட்டைக் கேட்டால் "உன் இஷ்டம்" என்பார். நல்ல மனிதர்தான். மாற்றித்தான் ஆக வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். தலைச்சுமையை இறக்க ஒரு கை கொடுங்கள் என்றால், மெதுவாக இறக்கிக்கொள் என்று தள்ளி நிற்பது போலிருக்கும் அந்தப் பதில்.

பொன்னுசாமி வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்த நேரத்தில் அப்பாவும் வந்து சேர்ந்தார். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். வாசலிலேயே நின்றுகொண்டார். சம்பந்தி வீட்டில் அவர் எப்போதும் அப்படித்தான், யாராவது சொன்னால்தான் உட்காருவார்.

கல்யாணத்திலிருந்து பிரிக்காமலே கிடந்த மூட்டையைப் பிரித்தேன். மேலாக இருந்த பித்தளைக் குடத்தின் கழுத்தில் புள்ளி புள்ளியாக "யூனிஸ்" என்று ஏற்கெனவே வெட்டியிருந்தது. அதற்கு முன்னால் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் பித்தளை. தூக்குச்சட்டியிலும் அப்படியே. தட்டுகளிலும் அப்படியே.

"என்னப்பா இது, இடம் விட்டிருக்கு?"

"மாப்பிள்ளை எழுத்து வரணும்ல. நம்ம எழுத்தைப் போட்டா நாளைக்கு அடிச்சு அழிக்கணும். பார்க்க அசிங்கமா இருக்கும்மா." நல்ல காரியம் செய்தவர் போலத்தான் சொன்னார்.

மூன்று மாதமாக நான் எதைப் பிடித்துக்கொண்டு கிடந்தேனோ, அதை அவர் கல்யாணத்துக்கு முன்பே பாத்திரக் கடையிலேயே விட்டுக்கொடுத்திருக்கிறார். கோபம் வந்தது. கோபப்படவும் தெம்பில்லை.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா."

"இதுல கேக்க என்னம்மா இருக்கு? ஊர் வழக்கம்தானே?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு முருங்கைக்காய்க் கட்டைக் கை மாற்றிக்கொண்டார்.

"இன்னா எழுத்து வெட்டணும், சொல்லு டீச்சரம்மா. வெயிலு ஏறிக்கினே கீது" என்றார் பொன்னுசாமி.

"வி போடுப்பா, இதுல என்ன யோசனை?" என்றார் அத்தை உள்ளேயிருந்து. வாசல் நாற்காலியில் இருந்த வில்பிரட் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார்.

"தே" என்றேன்.

அத்தை கதவருகே வந்து நின்றார். "இந்த வீட்டுக் குடத்துல அந்த வீட்டு எழுத்தா?"

"என் குடம்தானே அத்தை." சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அவ்வளவு சக்தி எங்கே இருந்தது? "ஸ்கூல்லயும் தேன்னுதான் சொல்லப்போறேன்."

அத்தை மகனைப் பார்த்தார். அவர் பேப்பரை மடித்தார், திரும்பவும் விரித்தார். "வேணாம்மா. வீண் பேச்சு வரும். நான் சொல்றேன்ல" என்றார் அப்பா, எனக்கு மட்டும் கேட்கும்படி.

நான் குடத்தை எடுத்துச் சாக்கில் வைத்தேன். பொன்னுசாமி குடத்தைச் சாய்த்து, அந்த வெற்றிடத்தில் உளியை வைத்துத் தட்டினார். குடம் உருண்டது. மறுபடி நிமிர்த்தி வைத்தார், மறுபடியும் உருண்டது.

"யாராச்சும் ஆடாம புடிங்க சார். கோணலாப் பூடும்."

வில்பிரட் எழுந்திருப்பதற்குள் அப்பா முருங்கைக்காய்க் கட்டைத் தரையில் வைத்துவிட்டார். வேட்டியை மடித்துக்கொண்டு சாக்கில் மண்டியிட்டார். யார் முகத்தையும் பார்க்காமல், குடத்தை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.