சிவப்பு வரி

"ஒரு இடத்தில இரு பிள்ளை," என்றாள் அல்பொன்சா, நாலாவது தடவையாக. மகள் அனஸ்தாசியா சவப்பெட்டியின் கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்கும், தலைமாட்டிலிருந்து வாசலுக்கும் நடந்துகொண்டேயிருந்தாள். பெட்டிக்குள் அப்பா அல்பிரட், கலியாண வீடுகளுக்கு மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டையோடு கிடந்தார். கண்டக்குழி ஊர்ச்சனம் முற்றத்துப் பந்தலில் நிறைந்திருந்தது.

ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் அனஸ்தாசியாவுக்கு ஒன்பது வருட வேலை. முடிவுகளைக் கொப்பியில் எழுதிய காலத்தில், உயிருக்கு ஆபத்தான அளவு வந்தால் உடனே நோயாளி கிடக்கும் வாட்டுக்குப் போன் எடுப்பார்கள். கொம்பியூட்டர் வந்தபிறகு அது தேவையில்லை என்று சொன்னவள் அவள்தான். "வாட்டுத் திரையிலயும் சிவப்பாத்தானே தெரியும். பிறகென்னத்துக்குப் போன்?"

நேற்றுக் காலை பத்தேகாலுக்கு நாற்பது முடிவுகளை ஒரே அழுத்தில் அனுப்பினாள். நடுவில் ஒரு வரி சிவப்பு. பொட்டாசியம் ஏழு தசம் நாலு. இதயத்தை நிறுத்திவிடக்கூடிய அளவு. திரையில் பெயர் இல்லை, இலக்கம் மட்டும். பெயரைத் திறந்து பார்க்க அவள் நிற்கவில்லை. அதே ஆஸ்பத்திரியின் சிறுநீரகக் கிளினிக்குக்குத் தனியாக பஸ் ஏறிப்போன அப்பாவை வீட்டுக்கு விடாமல் வாட்டில் மறித்துவிட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. பகல் பன்னிரண்டரைக்கு அவர் கதை முடிந்துபோயிற்று.

அந்த வாட்டுத் தாதி ஷிஹாரா பந்தலைத் தாண்டி உள்ளே வந்து அனஸ்தாசியாவின் கையைப் பிடித்தாள்.

"எங்கட கொம்பியூட்டர் விடியக் காலையில இருந்தே வேலை செய்யல்ல அக்கா. ரிப்போட்ட ஒரு மணிக்குத்தான் கண்டோம். எங்கட பிழைதான்."

ஓம் என்று சொன்னால் போதும். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"இல்ல ஷிஹாரா. நான் போன் எடுத்திருக்கணும்." குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. "சிவப்பைக் கண்டனான். ஆரெண்டு பாக்கல்ல."

ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அல்பொன்சா தலையை நிமிர்த்தினாள்.

"எத்தின மணிக்கு?"

"பத்தேகாலுக்கு அம்மா."

அல்பொன்சா கண்ணைத் துடைத்த கைலேஞ்சியை மடியில் வைத்தாள்.

"பத்தரைக்கு அப்பா எனக்குப் போன் எடுத்தவர். வாட்டில மறிச்சுப்போட்டாங்க, வேலை நேரத்தில பிள்ளைக்குச் சொல்லாத எண்டார்." கைலேஞ்சியை விரித்தாள், பிறகு மடித்தாள். "நானும் சொல்லல்ல."

ஷிஹாரா நிலத்தைப் பார்த்தாள். அனஸ்தாசியா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தா," என்று அல்பொன்சா கைலேஞ்சியை நீட்டினாள். "முகத்துக்கு விசுக்கு. இலையான் மொய்க்குது."

அனஸ்தாசியா விசுக்கத் தொடங்கினாள். அப்பாவின் நெற்றியில் நரைமுடி ஒவ்வொரு விசுக்கலுக்கும் எழும்பி எழும்பி அமர்ந்தது.