அரை பர்சன்ட் நீலகிரித் தைலம்

ஜெயசீலனுக்கு மூக்கு என்று ஒன்று முகத்தில் இருந்தது, அவ்வளவுதான். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில், தோலை மருந்தோடு உருட்டும் டிரம்மை ஓட்டுகிற வேலைக்குச் சேர்ந்த சில வருஷத்திலேயே அது வாசனை பார்க்கும் உத்தியோகத்தை ராஜினாமா செய்துவிட்டது. மல்லிகைப் பூவும் மாட்டுத்தோலும் அதற்கு ஒன்றுதான். அதனால் அவர் ஒரு நஷ்டமும் பட்டதில்லை, மகள் அக்சாவுக்கு ஆற்காட்டிலிருந்து சம்பந்தம் வரும்வரை.

மாப்பிள்ளை ரெனால்டுக்கு பேங்க் வேலை. பெண்ணுக்கும் பையனுக்கும் ஏற்கெனவே பிடித்துப்போய்விட்டது. பெரியவர்கள் வந்து உட்கார்ந்து பேசி முடிப்பதுதான் பாக்கி. அதற்கு நாள் குறிக்கப் போன் செய்தபோது, ரெனால்டின் அம்மா ஹெலன் டீச்சர் பேச்சோடு பேச்சாக, "வீடு டேனரிக்குப் பக்கமாங்களா?" என்று கேட்டுவிட்டார். கேட்டுவிட்டு அவர் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். இங்கே ஜெயசீலன் போனை வைத்த கையோடு தன் சட்டைக் காலரை மூக்கருகே இழுத்து மோந்து பார்த்தார்.

வீட்டிலிருந்து டேனரி இரண்டு தெரு தள்ளி இருந்தது. தன் உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. மனைவி பிரிசில்லாவிடம் கேட்டுப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து பழகிப்போச்சு, எனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்றாள் அவள். நம் நாற்றத்தால் பெண்ணின் கல்யாணம் நின்றுபோகுமோ என்று அந்த மனுஷன் பயந்தார். பெண்ணிடம் மட்டும் வேறு மாதிரி, வீடு கொஞ்சம் கமகமவென்று இருந்தால் தேவலை என்று சொல்லிவைத்தார்.

அக்சா வேலூரில் நர்ஸ். அவள் அலமாரியில் சின்னச் சின்ன சீசாக்களில் தைலங்கள் இருந்தன. தூக்கம் வராவிட்டால் தலையணையில் லாவண்டர் ஒரு சொட்டு விடுவாள். தலைவலிக்குப் புதினா தைலத்தைத் தேங்காய் எண்ணெயில் கலந்து நெற்றிப்பொட்டில் தடவுவாள். சளி பிடித்தால் வெந்நீரில் நீலகிரித் தைலம் விட்டு ஆவி பிடிப்பாள். கொசுவுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய். மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் சொன்ன சனிக்கிழமை அவளுக்குக் காலை டியூட்டி. செருப்பை மாட்டிக்கொண்டே அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

"பக்கெட் தண்ணியில தைலம் அஞ்சு சொட்டு விட்டுத் தரைய தொடைச்சா போதும்ப்பா. ஜாஸ்தி வேணாம்."

சொன்னது நர்ஸ். கேட்டதோ டிரம் ஆள். டேனரியில் சொட்டுக் கணக்கே கிடையாது. தோலை எடை போட்டு, எடைக்கு இத்தனை பர்சன்ட் என்றுதான் உப்பானாலும் தோலைப் பதப்படுத்தும் குரோமானாலும் போடுவார்கள். கம்மியாகப் போட்டால் மேலே பிடித்த மாதிரி இருக்கும், உள்ளே இறங்கியிருக்காது. முழு வீட்டுக்கு அஞ்சு சொட்டா? யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று சிரித்துக்கொண்டே ஜெயசீலன் வீட்டை எடை போட ஆரம்பித்தார்.

பீரோவை அணைத்து லேசாகத் தூக்கிப் பார்த்தார். கட்டில், சோபா, ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் ஒரு மதிப்பு வைத்தார். பிறகு அடுப்படி வாசலில் நின்று, நீ எத்தனை கிலோ இருப்பாய் என்று பிரிசில்லாவைக் கேட்டார். பிரியாணிக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு திரும்பிய விதத்தைப் பார்த்து, கொஞ்சம் தாராளமாகவே தானாகப் போட்டுக்கொண்டார். எல்லாம் சேர்ந்து ஒரு டன் வந்தது. புது சரக்கு என்றால் முதலில் அரை பர்சன்ட் போட்டுப் பார்ப்பது தொழில் மரியாதை. ஆக அஞ்சு லிட்டர்.

கெமிக்கல் கடை வைத்திருக்கும் நண்பர் தபரேஸ் கேன்களை எடுத்து வைத்துவிட்டு, "இன்னா தோஸ்த், ஊருக்கே சளியா?" என்று கேட்டார். ஜெயசீலன் காசை எண்ணி வைத்துவிட்டுக் கேன்களைத் தூக்கிக்கொண்டார்.

நீலகிரித் தைலம் பெரும்பங்கு, புதினாவும் எலுமிச்சைப்புல்லும் மீதி. தரைக்கு, திரைச்சீலைக்கு, சோபாவுக்கு, மெத்தைக்கு என்று பாகுபாடு இல்லாமல் கொடுத்தார். டிரம்மை மூடாமல் ஓட்டினால் சரக்கு வீண் அல்லவா? ஜன்னல்களைச் சாத்தி, ஃபேன்களை முழு வேகத்தில் விட்டார். பிரிசில்லா இருமிக்கொண்டே பிரியாணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். அவள் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. கடைசியாக, டேனரிக்குப் போட்டுப்போகும் தன் கம்பெனிச் சட்டையைக் கொண்டுபோய்ப் பின்வாசல் கொய்யா மரத்தின் கோடியில் மாட்டிவிட்டு, சோப்புத் தீரக் குளித்தார்.

நாலு மணிக்கு ஹெலன் டீச்சரும் ரெனால்டும் வந்தார்கள். கூடவே டீச்சரின் அண்ணன் ஐசக்; அவர் சபைப் போதகர். உட்கார்ந்ததும் ஐசக் ஜெபத்தை ஆரம்பித்தார். இரண்டாவது வாக்கியத்திலேயே அவருக்குக் குரல் தழுதழுத்தது. ரெனால்டின் கன்னத்தில் தாரை தாரையாகக் கண்ணீர். டீச்சர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். ஜெயசீலனுக்கு மெய்சிலிர்த்தது. எப்பேர்ப்பட்ட விசுவாசக் குடும்பம் என்று நினைத்தார். டேனரி காரத்தில் மரத்துப்போன தன் கண்ணில் மட்டும் ஒரு துளிகூட வராததில் அவருக்கு வெட்கமாக இருந்தது. ஐசக்கோ, நீண்ட ஜெபத்துக்குப் பேர்போன மனிதர், பாதியிலேயே ஆமென் சொல்லிவிட்டார்.

அந்த ஆமென் முடிவதற்குள் டீச்சர் எழுந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று பின்வாசல் பக்கம் போனார்.

போச்சு என்று நினைத்தார் ஜெயசீலன். அஞ்சு லிட்டரையும் மீறி நாற்றம் வந்துவிட்டது. பெண்ணின் வாழ்க்கையைத் தன் தோலே கெடுத்துவிட்டது. அவர் டீச்சர் பின்னாலேயே ஓடினார். ஐசக்கும் ரெனால்டும் அவரை முட்டித் தள்ளிக்கொண்டு முன்னால் போனார்கள்.

கொய்யா மரத்தடியில், அவருடைய கம்பெனிச் சட்டைக்குப் பக்கத்தில் நின்று டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஐசக்கும் போய் அந்தச் சட்டைக்கு மறுபக்கம் நின்றுகொண்டார். டியூட்டி முடிந்து வந்த அக்சா முன்கதவைத் திறந்த வேகத்தில் மூடிவிட்டு, சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"உள்ள இன்னாப்பா போட்டே?"

"அரை பர்சன்ட்தாம்மா." பிறகு டீச்சரைப் பார்த்துக் கைகூப்பினார். "எனக்கு மூக்கு வேலை செய்யாதுங்க. டேனரிக்குப் பக்கமான்னு கேட்டீங்களே. அந்த நாத்தம் உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் செஞ்சேன். என்னை வெச்சு பொண்ணை வேணாம்னு சொல்லிடாதீங்க."

டீச்சர் சிவந்த கண்களை முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"பஸ்ஸ விட்டு எங்க எறங்குறதுன்னு தெரிஞ்சுக்கதாங்க கேட்டேன். வழிக்கு" என்றார். பிறகு கிளையில் தொங்கியதைக் காட்டி, "இது யாரு சட்டை?"

"என்னுதுங்க."

"இந்த வீட்டுலயே இதுகிட்ட நின்னாதான் மூச்சு விட முடியுது. நாற்காலிய இங்கயே போடுங்க, சம்பந்தி. பேசி முடிச்சிடலாம்."

ஜெயசீலன் நாற்காலி எடுக்க உள்ளே போனார். திரும்பி வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தைலம் கொஞ்சம் காரம்தான் என்று பிரிசில்லாவிடம் சொன்னார். அவள் நம்பவில்லை.